முடியாது என்று முடிந்தது

அஸர் தொழுகை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது மாமி மண்டபத்துப் பாயில் உட்கார்ந்திருந்தார். முன்னால் சிறிய மேசையில் கசட் பெட்டி. யன்னலால் விழுந்த வெயில் பெட்டியின் பொத்தான்களில் பட்டுக்கொண்டிருந்தது. மாமா சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடியிருந்தார். இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவர் மூலம் என் மனைவி அனுப்பிய முதலாவது கசட் அன்றுதான் எங்கள் கைக்குக் கிடைத்திருந்தது. பொத்தானை அழுத்தியதும் சற்று நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அவளுடைய குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு, "அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா" என்றது. மாமி பெட்டியைப் பார்த்துப் பதில் சலாம் சொன்னார். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தப் பின்னேரத்தை நான் இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சாய்ந்தமருதில் கடலுக்குக் கிட்டிய வீடு அது. எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்ணுக்குத்தான் வீடு. கலியாணம் முடித்த ஆண் அங்கே போய்க் குடியிருப்பான். நானும் அப்படிப் போனவன்தான். ஆனால் போய் ஒரு வருடம் முடிவதற்குள் வீட்டுக்குரியவள் கப்பல் தூரத்துக்கும் அப்பால் பறந்துவிட்டாள். நான் அவளுடைய வீட்டில், அவளுடைய உம்மா வாப்பாவோடு, அவளில்லாமல் இருந்தேன்.

கலியாணம் பேசிய நாட்களில் அவளிடமிருந்து ஒரேயொரு கேள்வி வந்தது. மலைநாட்டுப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் சிறப்புப் பட்டம் எடுத்துவிட்டு வந்திருந்தாள். "மேல படிக்க விடுவாரா எண்டு கேக்கிறா" என்று தரகர் தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் ஓம் என்றேன். கல்முனை நீர்ப்பாசனக் கந்தோரில் தொழில்நுட்ப உதவியாளன் நான். மேலே படிப்பது என்றால் கண்டியில் ஒரு வருடம், கொழும்பில் ஒரு வருடம் என்றுதான் என் மனதில் ஓடியது. புலமைப்பரிசில் கிடைத்து, இங்கிலாந்தின் வடக்கே ஏதோவொரு மழை நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானத்தில் முதுமாணி படிக்க இடம் வந்திருக்கிறது என்று அவள் கடிதத்தைக் காட்டியபோது அதை இரண்டு தரம் வாசித்தேன். அப்போதும் ஓம் என்றுதான் சொன்னேன். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் முகத்தில் அப்போதிருந்த வெளிச்சம் அணைந்துபோயிருக்கும்.

மாமாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "மாப்பிள்ளைக்கு ஊடு குடுத்தது ஒத்தையா இரிக்கவா?" என்று கேட்டார். நெல் வியாபாரம் செய்தவர். பேச்சு குறைவு. அந்தக் கேள்விக்குப் பிறகு மகளோடு பல நாள் கதைக்கவில்லை. அவள் புறப்பட்ட அன்று பள்ளிவாசலுக்குப் போனவர், பஸ் போன பிறகுதான் திரும்பி வந்தார்.

ஊர் சும்மா இருக்குமா? தேத்தண்ணிக் கடையில் நான் நுழைந்தால் கதை நின்றுவிடும். ஒருநாள் ஒருவர் துணிந்து கேட்டார். "தம்பி, பொஞ்சாதி லண்டனில, நீங்க மாமி ஊட்டில. இது எந்த ஊர்ச் சட்டம்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் நெடுநேரம் குளித்தேன்.

அந்த நாட்களில் மாமி என்னோடு நேருக்கு நேர் கதைப்பதில்லை. மருமகனுக்கு முன்னால் வருவது மரியாதையில்லை என்ற பழைய ஒழுங்கு. சோற்றை மேசையில் வைத்து மூடிவிட்டுக் கதவு மறைவில் நின்று, "மருமகன் சாப்பிடட்டாம்" என்று யாரோ மூன்றாவது ஆளுக்குச் சொல்வதுபோலச் சொல்வார். மூன்றாவது ஆள் அந்த வீட்டில் இல்லை. அவருடைய குரல் மட்டும் எனக்குப் பழக்கம், முகம் பழக்கமில்லை. கசட் வந்த பின்னேரங்கள்தான் அதை மாற்றின. பெட்டி ஒன்று, கேட்கும் காது மூன்று. மாமி மண்டபத்துக்கு வந்தே ஆகவேண்டியிருந்தது.

கசட்டின் ஒரு பக்கம் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும். மறுபக்கம் எனக்கு. எனக்குரிய பக்கத்தைத் தனியாகக் கேட்கலாம் என்றுதான் நினைத்தேன். மாமி எழுந்து போகவில்லை. மகளின் குரல் எந்தப் பக்கத்தில் வந்தாலும் அது அவருக்குத்தான் சொந்தம் என்பதுபோல இருந்தார்.

"மச்சான், நான் என்னத்தப் படிக்கிறன் எண்டு கடிதத்தில கேட்டிருந்தீங்க" என்று தொடங்கினாள். பின்னால் மழை பெய்யும் சத்தம் கேட்டது. "ஒரு மெஷினுக்கு ஒரு வேலையக் குடுக்கிறம் எண்டு வைங்க. அது வேலைய முடிச்சிட்டு நிக்கும், இல்லாட்டி நிக்காம ஓடிக்கிட்டே இரிக்கும். இந்த மெஷின் நிக்குமா நிக்காதா எண்டு முன்னுக்கே பாத்துச் செல்லுற இன்னொரு மெஷின் செய்யேலுமா? ஏலா மச்சான். இண்டைக்கு ஏலா எண்டு இல்ல. எண்டைக்குமே ஏலா. அப்பிடி ஒண்டு இரிக்கி எண்டு வைங்க, அது என்ன செல்லுதோ அதுக்கு நேர் எதிராச் செய்யிற மெஷின் ஒண்ட நான் செஞ்சிருவன். நிக்கும் எண்டு செல்லிச்செண்டா ஓடும். ஓடும் எண்டு செல்லிச்செண்டா நிண்டிரும். அப்ப முதல் மெஷின் செல்லினது பொய்தானே?"

மாமி கதிரையின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "செல்லுறதுக்கு எதிராச் செய்யிறதெண்டா அது அவட வாப்பாட குணம்" என்றார். மாமாவின் மூடிய கண்களுக்குக் கீழே மீசை அசைந்தது. மகள் போன பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

எனக்கு அது விளங்கவில்லை. சொற்கள் விளங்கின; அவற்றை அடுக்கியபோது தலை சுற்றியது. மறுநாள் சவளக்கடைப் பக்கம் வயல் வட்டைக்குப் போய் வாய்க்கால் கரையில் நின்றபோதும் அவளுடைய குரல் ஓடிக்கொண்டிருந்தது. பச்சைக் கடல்போல வயல். மேலே கொக்குகள். நிக்கும் எண்டா ஓடும், ஓடும் எண்டா நிண்டிரும். மதகடியில் நின்றவர் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் எனக்குக் கேட்டது.

ஊரவர்களுக்கு ஒரே கேள்விதான். "கம்பியூட்டர் எப்ப கொண்டருவா?" கணினி படிக்கப் போனவள் கையில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவாள் என்று எல்லோரும் நம்பினார்கள். அவளுடைய படிப்புக்குக் கணினியே தேவையில்லை, பென்சிலும் தாளும் போதும் என்று நான் சொன்னால் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். அவளுடைய துறையில் இருந்தவர்கள் கணினி என்னவெல்லாம் செய்யும் என்று தேடவில்லை. அது எதைச் செய்யவே முடியாது, எதைச் செய்ய முடிந்தாலும் உலகம் அழியும் வரை காலம் எடுக்கும் என்று தேடினார்கள். ஒருமுறை நான் என்னுடைய கசட்டில் கேட்டேன்: எல்லா விவசாயிகளும் திருப்திப்படுகிற மாதிரி, எந்த வயலுக்கு எப்போது என்று தண்ணீர் முறை போட்டுத் தரும் ஒரு வழியை அங்கே யாராவது கண்டுபிடித்திருக்கிறார்களா? அடுத்த கசட்டில் நீண்ட சிரிப்பு வந்தது. "மச்சான், நீங்க கேட்டது நாங்க பயப்படுற வகைக் கணக்கு. ஒராள் முறையப் போட்டுக் காட்டினா சரியா பிழையா எண்டு கெதியாப் பாத்துரலாம். ஆனா அந்த முறையக் கண்டுபிடிக்கிறதுக்குச் சுருக்கு வழி இரிக்கா எண்டு ஆருக்குமே தெரியா. இரிக்கி எண்டும் செல்லேலா, இல்லை எண்டும் செல்லேலா." எங்கள் கந்தோரில் வருடா வருடம் நடக்கும் சண்டையை உலகத்துப் பெரிய மூளைகளும் தீர்க்கவில்லை என்று கேட்டதில் எனக்கு ஒரு ஆறுதல்.

தன்னுடைய சொந்த ஆராய்ச்சியைப் பற்றியும் சொன்னாள். சில எழுத்துக்கள். ஒரு சொல்லின் துண்டொன்றை எடுத்துவிட்டு வேறொரு துண்டை வைக்கலாம் என்று சில விதிகள். இந்தச் சொல்லில் தொடங்கி விதிகளின்படி மாற்றி மாற்றி அந்தச் சொல்லுக்குப் போய்ச் சேரலாமா? பொதுவாகக் கேட்டால் இதற்கு விடை சொல்லும் வழி கிடையாது என்று முன்னரே நிறுவிவிட்டார்கள். ஆனால் விதிகளை மிகவும் ஒடுக்கிவிட்டால், அந்தச் சின்ன வட்டத்துக்குள் எப்போதும் விடை சொல்லும் ஒரு வழி இருக்கும் என்று அவள் நம்பினாள். அவளுடைய பேராசிரியரும் நம்பினார். அதைக் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய பட்டம். "கிட்டக் கிட்ட வாறன் மச்சான்" என்று ஒவ்வொரு கசட்டிலும் சொன்னாள். "ஒண்டு ரெண்டு இடந்தான் இடிக்கிது."

இரண்டாவது வருடம் நடந்துகொண்டிருந்தபோது மாமா தொழுகைக்கு வுளூ எடுக்கும் இடத்தில் விழுந்தார். பாரிசவாதம். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் இடது கையால் என் சட்டையைப் பிடித்து, குழறிக் குழறி, "அவக்கிட்ட செல்ல வேணாம்" என்றார். மாமி கதவு மறைவை எல்லாம் மறந்து என் முகத்தைப் பார்த்தார். நான் கல்முனைத் தபாற்கந்தோருக்குப் போய் வெளிநாட்டு அழைப்புக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். அவளுடைய வாப்பா. அவளுக்குத் தெரியாமல் வைத்திருக்க எனக்கு உரிமையில்லை. இணைப்புக் கிடைத்தபோது சொல்லிவிட்டேன். "வாறன்" என்றாள்.

பாதிப் படிப்போடு வந்தாள். மெலிந்திருந்தாள். சூட்கேசில் உடுப்பைவிடத் தாள்கள்தான் கூட. மாமாவின் கட்டிலருகே உட்கார்ந்தவள் மாதக்கணக்கில் அங்கேயே இருந்தாள். சோறு ஊட்டுவாள், உடம்பு துடைப்பாள், கை விரல்களை மடக்கி நீட்டிப் பழக்குவாள். அவர் உறங்கும்போது பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுத்துக்களை எழுதுவாள், வெட்டுவாள், மறுபடி எழுதுவாள். வீடு முழுவதும் ஒரு மந்தமான மயக்கம் இருந்தது. கடல் காற்று திரைச்சீலையை உள்ளே தள்ளும்; பிறகு வெளியே இழுக்கும். நான் கந்தோருக்குப் போகும்போது அவள் எந்த இடத்தில் இருந்தாளோ வரும்போதும் அந்த இடத்திலேயே இருப்பாள். பார்வை மட்டும் வேறெங்கோ. இங்கிலாந்தில் இருந்தபோது இருந்ததைவிடத் தூரமாக இருக்கிறாளோ என்று எனக்குத் தோன்றும். ஆனால் கூப்பிட்டால் திரும்புவாள். அது போதுமாயிருந்தது.

ஒருநாள் பகல் சாப்பாட்டுக்கு வந்தேன். கிணற்றுக் கட்டில் உட்கார்ந்திருந்தாள். மாமாவின் சாரன், பிழிந்தது பாதி பிழியாதது பாதியாக, கையில் இருந்தது. மடியெல்லாம் நனைந்திருந்தது.

"மச்சான்" என்றாள். "நான் தேடினது இல்ல."

"என்னது இல்ல?"

"அந்த வழி. அது இல்லவே இல்ல. அந்தச் சின்ன விதிகளுக்குள்ளேயே ஒரு முழு மெஷின ஒளிச்சி வைக்கலாம். இப்பதான் கண்டன். சொல் மாறுறதும் மெஷின் ஓடுறதும் ஒண்டுதான். அப்ப, இந்தச் சொல்லில இரிந்து அந்தச் சொல்லுக்குப் போகேலுமா எண்டு கேக்கிறது, மெஷின் நிக்குமா எண்டு கேக்கிறதுதானே? அதுக்கு விடை செல்லுற வழி இல்லையே." ஈரத் துணியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இல்லாத ஒண்டத் தேடித்தான் உங்களயும் உட்டுட்டுப் போயிரிக்கன்."

சாரனை வாங்கிப் பிழிந்து கொடியில் போட்டேன். வேறெதுவும் எனக்குச் செய்யத் தெரியவில்லை.

அதன்பிறகு சில நாட்கள் தாள்களைத் தொடவில்லை. சாப்பாடும் சரியில்லை. வாப்பாவுக்குச் செய்ய வேண்டியதை மட்டும் செய்தாள். இதையெல்லாம் மாமா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு காலையில் நான் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். அவள் தேத்தண்ணியோடு வந்தாள். அவர் என் கையை விலக்கிவிட்டு, நுரை பூசிய முகத்தோடு அவளைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகக் கஷ்டப்பட்டு இழுத்து, "முடி... முடிஞ்சிதா?" என்று கேட்டார்.

அவளுடைய படிப்பைப் பற்றி அவர் கேட்ட முதலாவது கேள்வி அது.

அவள் நின்றாள். "முடியாதெண்டு முடிஞ்சிட்டு வாப்பா" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். கண் விரிந்தது. அதே வாக்கியத்தை இன்னொரு தரம் மெதுவாகச் சொன்னாள். மாமாவின் நல்ல பக்கத்து முகம் சிரித்தது; அடுத்த பக்கம் சும்மா இருந்தது. நான் சவரக் கத்தியோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். முடியாது என்று தெரிவதும் ஒரு முடிவுதான் என்று முதல் கசட்டிலேயே எங்களுக்கு அவள் சொல்லித்தந்திருந்தாள். தன் சொந்தக் கணக்கு என்று வந்தபோது அது அவளுக்கே தெரியாமல் போயிருந்தது. கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போனவள் அன்றே எழுதத் தொடங்கினாள். பேராசிரியருக்கு எழுதியனுப்பியபோது அவர் பதிலில், நாம் நினைத்ததைவிட இது நல்லது, உடனே வந்து பரீட்சைக்கு முகம் கொடு என்று சொல்லியிருந்தார்.

உடனே என்பது அந்த நாட்களில் இலேசான சொல் அல்ல. நாடு கெட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துப் பக்கத்துத் தமிழ், முஸ்லிம் ஊர்கள் ஒன்றையொன்று பார்த்துப் பயந்தன. அவளுடைய பயண நாள் வந்தபோது காரைதீவைத் தாண்டிப் போகும் கரையோர வீதி மூடிக் கிடந்தது. எனக்கு வாய்க்கால் கரைகள் எல்லாம் தெரியும். சவளக்கடைப் பக்கத்தில் எனக்குப் பழக்கமான தமிழ் விவசாயி ஒருவரிடம் உழவு மெஷின் இருந்தது. போய்க் கேட்டேன். எங்கே, எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "விடியப் புறப்படுவம்" என்றார்.

புறப்படுவதற்கு முன் அவள் வாப்பாவின் கட்டிலடியில் முழந்தாளிட்டாள். முதல் தரம் பள்ளிவாசலுக்குள் ஒளிந்தவர் இந்தத் தரம் இடது கையை அவளுடைய தலையில் வைத்தார். "போ மகள். செல்லிட்டு வா" என்றார். எதைச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

உழவு மெஷினின் பெட்டியில் வைக்கோலைப் பரப்பி அவளை இருத்தினேன். தாள்களைப் பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். வாய்க்கால் கரை நெடுகவும் பனி. வயல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பால் நிறத்துக்குள் நாங்கள் மிதந்து போவதுபோல இருந்தது. தூரத்தில் எங்கோ ஒரு வெடிச் சத்தம், பிறகு தவளைகள். அம்பாறை வீதியில் ஏறும் இடத்துக்குக் கிட்ட வந்ததும் விவசாயி மெஷினை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்தார். ஏதோ ஆபத்து என்று நினைத்தேன்.

"ஐயா, எங்கட கடைசி வயலுக்கு இந்த முற தண்ணி எப்ப வரும்?" என்று கேட்டார்.

என் மனைவி வைக்கோலுக்குள் இருந்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பனியோடு சேர்த்துத்தான் நினைவு வைத்திருக்கிறேன்.

அவள் பரீட்சையில் தேறினாள். அவள் அங்கே இருக்கும்போதே மாமா மௌத்தானார். அன்று பின்னேரமே அடக்கம் செய்தோம். தபாற்கந்தோரில் இருந்து நான்தான் சொன்னேன். "வாப்பாக்குத் தெரியுமா, நான் பாஸ் எண்டு?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். அதற்கு முதல் நாள் வந்த தந்தியை நான் அவருடைய காதில் வாசித்துக் காட்டியிருந்தேன். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

அவள் திரும்பி வந்தபோது மாமி இத்தாவில் இருந்தார். கணவன் மௌத்தான பெண் ஒதுங்கியிருக்கும் நாட்கள்; வெளியே வராமல் உள்ளறையில். இப்போது என்னை "மகன்" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார். சில மாதம் கழித்து ஒரு பின்னேரம் நானும் அவளும் கடற்கரைக்கு நடந்தோம். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் ஒரே தாளத்தில் பின்வாங்க, வலையின் வாய் மெதுவாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"கலாநிதிப் பட்டத்துக்கு இரிக்கச் செல்லிக் கேட்டிருந்தாங்க. மறுமொழி செல்லுறதுக்கு இண்டைக்குத்தான் கடைசி நாள்."

நான் நின்றுவிட்டேன். "நீ என்ன செல்லினாய்?"

"ஏலா எண்டு போன கிழமையே எழுதிட்டன்."

எனக்குக் கோபம் வந்தது. அதற்கடியில் ஒரு நிம்மதி வந்தது. நிம்மதிக்காக வெட்கமும் வந்தது. "என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"கேட்டா நீங்க ஓம் எண்டு செல்லுவீங்க மச்சான். நீங்க எப்பவும் ஓம் எண்டுதான் செல்லியிரிக்கீங்க." என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடற்கரையில், ஆட்களுக்கு முன்னால், அவள் அப்படிச் செய்ததில்லை. "உங்களுக்காக இல்ல. உம்மாக்காகவும் இல்ல. இந்த முற நான் என்னட்டத்தான் கேட்டன். எனக்கு இரிக்க விருப்பம்."

நான் அதை முழுவதும் நம்பினேனா என்றால் இல்லை. அன்று நம்பவில்லை.

அவள் கல்முனையில் பெண் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தாள். வருடங்கள் போயின. ஊருக்குக் கணினி வந்தது. பிறகு எல்லார் சட்டைப் பையிலும் வந்தது. அவள் ஓய்வு பெற்றாள். மாமியும் போய்விட்டார். அந்த வீட்டில் இப்போது நாங்கள் இருவர்தான். எனக்கு நடை தளர்ந்துவிட்டது. அவளுக்குத் தலை முழுக்க வெள்ளை.

பின்னேரங்களில் சிலவேளை தேத்தண்ணியை நான்தான் ஊற்றுகிறேன். கொண்டுபோனால் அவள் யன்னலடியில் பென்சிலோடு இருப்பாள். எழுதவும் மாட்டாள், பார்க்கவும் மாட்டாள். கூப்பிட்டால் கேட்காது. ஏதோவொரு எழுத்தைத் தொடர்ந்து எங்கோ போயிருப்பாள். விடை இருக்கிற இடமோ, இல்லாத இடமோ, எனக்குத் தெரியாது. முகத்தில் சஞ்சலம் இருக்காது. போகாமல் விட்ட இடம் என்று அவளுக்கு ஒன்றும் இல்லை என்பதை அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் மெதுவாக நம்பக் கற்றுக்கொண்டேன். நான் அவளைத் தொந்தரவு செய்வதில்லை. கோப்பையின் மேல் தட்டைக் கவிழ்த்து, சூடு ஆறாமல் மூடி வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். அவள் வருவாள்.